சுமாராக ஆடுகிறவர் செஸ் நிரல் எழுத முடியுமா?

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "மீன்பிடி தடைக்காலம் தொடங்கிவிட்டது. அப்பாவின் விசைப்படகு கரையில் நிற்கிறது, எனக்கும் வேலை குறைவு. கல்லூரியில் பைத்தான் படித்திருக்கிறேன். செஸ் சுமாராகத்தான் ஆடுவேன். என்னையே தோற்கடிக்கிற ஒரு செஸ் நிரலை நானே எழுத முடியுமா? அதற்கு முதலில் நல்ல ஆட்டக்காரன் ஆக வேண்டுமா? எங்கிருந்து தொடங்குவது? முடிந்தால் எங்கள் வலைக் கொட்டகைப் பையன்களுக்கு ஆடக் கொடுக்கலாம் என்று ஆசை."

முடியும் தம்பி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கையில் இருக்கிறது. தினமும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் தாராளமாகப் போதும். நல்ல ஆட்டக்காரர் ஆக வேண்டிய அவசியமும் இல்லை. விதிகள் மட்டும் முழுசாகத் தெரிய வேண்டும். அந்த "முழுசாக" என்பதில்தான் பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள், அதற்குப் பிறகு வருகிறேன்.

ஆட்டத்திறனைப் பற்றிய பயத்தை முதலில் போக்கிவிடலாம். கணினி அறிவியலின் முன்னோடி ஆலன் டூரிங் செஸ்ஸில் நம்மைப் போலச் சுமார்தான். அவரும் அவருடைய நண்பர் டேவிட் சாம்பர்நவுனும் 1948-இல் ஒரு செஸ் நிரலுக்கான விதிகளை வகுத்தார்கள். அதை ஓட்டத் தோதான கணினி இல்லாததால், 1952-இல் டூரிங் தானே கணினியாக உட்கார்ந்து, காகிதத்தில் கணக்குப் போட்டு, நகர்வுக்கு அரை மணி நேரம் போல எடுத்துக்கொண்டு அலிக் கிளெனி என்பவரோடு ஆடினார். 29 நகர்வில் தோற்றார். ஆனாலும் அந்த விதிகள் வேலை செய்கிற விதிகள்: சில நகர்வுகள் தள்ளி எட்டிப் பார், காய்களை எண்ணு, நல்லதைத் தேர்ந்தெடு.

மறுபக்கம் மிகயீல் போட்வின்னிக்கைப் பாருங்கள். உலக சாம்பியன், மின்பொறியாளரும்கூட. ஒரு மாஸ்டர் எப்படி யோசிக்கிறாரோ அப்படியே கணினியையும் யோசிக்க வைக்கப் பல ஆண்டுகள் உழைத்தார். அந்த நிரலுக்குப் 'பயனியர்' என்று பெயர். போட்டிகளில் உட்கார்ந்து ஆடுகிற நிலைக்கு அது வரவேயில்லை. அவருக்கு இருந்த செஸ் அறிவில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாதவர்கள் எழுதிய நிரல்கள் அதே காலத்தில் போட்டி போட்டுக்கொண்டிருந்தன. செஸ் நிரலுக்கு வேண்டியது ஞானம் இல்லை. பிழையில்லாத, சலிக்காத தேடல். இந்தப் பதில் முழுக்க நான் சொல்லப்போவது அதுதான்.

பைத்தான் மெதுவானது, சி பிளஸ் பிளஸ் கற்றுக்கொண்டு வா என்று சிலர் சொல்வார்கள். இப்போதைக்குக் கேட்காதீர்கள். பைத்தானில் வினாடிக்குச் சில ஆயிரம் நிலைகளைப் பார்க்கலாம், சி மொழியில் சாதாரண லேப்டாப்பிலேயே பத்து லட்சத்தைத் தாண்டலாம் என்பது உண்மைதான். ஆனால் 'சன்ஃபிஷ்' என்று ஒரு நிரல் இருக்கிறது. முழுக்கப் பைத்தான், மையப்பகுதி நூற்றுச் சொச்சம் வரிகள்தான். லிசெஸ் என்ற இணையச் செஸ் தளத்தில் 2000-க்கு மேல் மதிப்பெண்ணோடு ஆடுகிறது. நம் மாவட்டப் போட்டிகளுக்கு வருகிற பிள்ளைகளில் பெரும்பாலானோர் அதற்குக் கீழேதான். தெரிந்த மொழியில் முடித்துவிட்டு, வேகம் போதவில்லை என்று தோன்றினால் அப்புறம் மாற்றி எழுதலாம்.

இன்னொன்று. 'பைத்தான்-செஸ்' என்ற நூலகத்தை இறக்கிக்கொண்டால் விதிப்படியான நகர்வுகளை எல்லாம் அதுவே பட்டியல் போட்டுத் தந்துவிடும். ஒரே மாலையில் ஆடுகிற நிரல் வந்துவிடும். என் அபிப்பிராயம், அதை உங்கள் நிரலுக்குள் விடாதீர்கள். பக்கத்தில் வாத்தியாராக உட்கார வையுங்கள். உங்கள் விடையும் அதன் விடையும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க அதைவிட நல்ல துணை கிடையாது.

பலகை. 64 கட்டம் இருந்தாலும் 120 கட்டங்கள் கொண்ட ஒரு பட்டியலாக வைத்துக்கொள்ளுங்கள்: அகலம் 10, உயரம் 12. சுற்றியுள்ள கட்டங்களில் "வெளியே" என்று குறித்துவிட்டால், ஓரத்தில் நிற்கிற குதிரை பலகையைத் தாண்டிக் குதிக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் கணக்குப் பார்க்க வேண்டாம். குதிரை இரண்டு கட்டம் தாவும் என்பதால் மேலும் கீழும் இரண்டிரண்டு வரிசை வேண்டும். பக்கவாட்டில் மட்டும் ஒவ்வொன்று போதும், ஏனென்றால் ஒரு வரிசையின் வலது ஓரமும் அடுத்த வரிசையின் இடது ஓரமும் பட்டியலில் அடுத்தடுத்து வந்து இரண்டாகிவிடுகின்றன. 64 பிட் எண்களில் பலகையை அடக்குகிற முறை இதைவிட வேகமானது, ஆனால் அதன் பலன் பைத்தானில் அவ்வளவாகத் தெரியாது.

நகர்வை ஆடுவதற்கு ஒரு செயல்கூறு (function), அதைத் திரும்பப் பெறுவதற்கு ஒன்று. திரும்பப் பெறும்போது காயைப் பழைய கட்டத்தில் வைத்தால் மட்டும் போதாது. வெட்டுப்பட்ட காய் எது, காஸ்லிங் (ராஜாவும் யானையும் ஒரே நகர்வில் இடம் மாறுவது) உரிமை யாருக்கு எந்தப் பக்கம் இருந்தது, என் பாசன்ட் (இரண்டு கட்டம் தாவிய சிப்பாயை, ஒரு கட்டம்தான் நகர்ந்தது போல உடனே சிப்பாயால் வெட்டுவது) கட்டம் எது, 50 நகர்வு விதிக்கான (வெட்டும் சிப்பாய் நகர்வும் இல்லாமல் 50 நகர்வு போனால் டிரா) எண்ணிக்கை எவ்வளவு என்ற நான்கையும் ஆடுவதற்கு முன்பே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பலகையைப் பார்த்து இவற்றைப் பின்னோக்கிக் கண்டுபிடிக்க வழியில்லை.

இப்போது அந்த "முழுசாக". காஸ்லிங் போடும்போது ராஜா செக்கில் இருக்கக் கூடாது, கடக்கிற கட்டமும் போய்ச் சேர்கிற கட்டமும் தாக்குதலில் இருக்கக் கூடாது. இது எல்லாருக்கும் தெரியும். ஆனால் ராணிப் பக்க காஸ்லிங்கில் யானை மட்டும் கடக்கிற கட்டம் தாக்குதலில் இருந்தால் பரவாயில்லை. அதையும் சேர்த்துத் தடுத்துவிடுகிறவர்கள் நிறைய. மூலையில் நகராமல் நின்ற யானை அங்கேயே வெட்டுப்பட்டால் அந்தப் பக்க உரிமை போய்விட வேண்டும். இல்லையென்றால் உங்கள் நிரல் இல்லாத யானையோடு காஸ்லிங் போடும். சிப்பாய் கடைசி வரிசைக்குப் போனால் ராணி மட்டும் இல்லை, நான்கு காய்களுக்கும் நான்கு தனித்தனி நகர்வுகள்.

எல்லாவற்றிலும் கெட்டிக்காரப் பிழை என் பாசன்டில் இருக்கிறது. ஐந்தாம் வரிசையில் உங்கள் ராஜா நிற்கிறார். அதே வரிசையில் உங்கள் சிப்பாய், அதை ஒட்டி இப்போதுதான் இரண்டு கட்டம் தாவி வந்த எதிராளியின் சிப்பாய், அதற்கப்பால் எதிராளியின் யானை. என் பாசன்ட் முறையில் வெட்டினால் ஒரே நகர்வில் இரண்டு சிப்பாய்களும் அந்த வரிசையை விட்டுப் போய்விடுகின்றன, யானையின் பார்வை நேராக ராஜா மீது விழுகிறது. எனவே அந்த வெட்டு செல்லாது. மனிதர்கள் ஆடும் ஆட்டத்தில் வருடக்கணக்கில் இது வராமல் போகலாம். கோடிக்கணக்கான நிலைகளைப் புரட்டுகிற நிரலுக்கு வந்தே தீரும்.

இதையெல்லாம் கண்ணால் பார்த்துச் சரிசெய்ய முடியாது. அதற்குத்தான் 'பெர்ஃப்ட்' சோதனை. தொடக்க நிலையிலிருந்து சாத்தியமான எல்லா நகர்வு வரிசைகளையும் குறிப்பிட்ட ஆழம் (இரு பக்கமும் சேர்த்து எத்தனை நகர்வு என்பது) வரை ஆடி எண்ணிக்கையை மட்டும் பார்ப்பது. ஒரு நகர்வுக்கு 20, இரண்டுக்கு 400, மூன்றுக்கு 8902, நான்குக்கு 197281, ஐந்துக்கு 4865609. உங்கள் நிரல் 197280 என்று சொன்னால் கிட்டத்தட்டச் சரி என்று விட்டுவிடாதீர்கள். அந்த ஒன்று எங்கே போனது என்று கண்டுபிடிக்கிற வரை அடுத்த வேலைக்குப் போகவே கூடாது. கண்டுபிடிப்பதும் கஷ்டமில்லை: முதல் நகர்வு ஒவ்வொன்றின் கீழும் எத்தனை வருகிறது என்று தனித்தனியாக அச்சிட்டு, ஸ்டாக்ஃபிஷ் என்ற பலமான இலவச செஸ் நிரலின் பெர்ஃப்ட் கட்டளை தருகிற எண்களோடு ஒப்பிடுங்கள். எது மாறுகிறதோ அந்த நகர்வை ஆடிவிட்டு ஒரு ஆழம் குறைத்துத் திரும்பவும் ஒப்பிடுங்கள். நாலைந்து படியில் பிழை நிற்கிற நிலை கைக்கு வந்துவிடும்.

தொடக்க நிலை மட்டும் போதாது என்பதையும் கவனியுங்கள். நான்காவது ஆழம் வரை அங்கே என் பாசன்டே எட்டிப்பார்க்காது, காஸ்லிங்குக்கு இன்னும் ஆழம் வேண்டும். 'கிவிபீட்' என்று நிரல் எழுதுகிறவர்கள் சொல்கிற ஒரு நிலை உண்டு. சிக்கலான விதிகளையெல்லாம் ஒரே பலகையில் திணித்து வைத்தது. அதில் 48, 2039, 97862 என்று வர வேண்டும். ராமநாதபுரத்தில் என்னிடம் நிரலாக்கம் படிக்க வருகிற பிள்ளைகளிடம் இந்த எண்கள் வரும்வரை "என் நிரல் ஆடுகிறது" என்ற பேச்சையே நான் ஏற்றுக்கொள்வதில்லை. அவர்களுக்கு என்மேல் கோபம்தான்.

அடுத்தது தேடல். இங்கே ஒரு குறுக்கு யோசனை சொல்கிறேன். தேடல் பகுதியை செஸ்ஸில் எழுதிப் பழகாதீர்கள், ஆடுபுலி ஆட்டத்தில் எழுதிப் பழகுங்கள். 23 சந்திப்புப் புள்ளிகள், 3 புலி, 15 ஆடு. கோயில் மண்டபத் தரைகளில் கோடு செதுக்கி வைத்திருப்பார்களே, அதேதான். காஸ்லிங் கிடையாது, என் பாசன்ட் கிடையாது, நகர்வுகளும் குறைவு. நகர்வுகளைப் பட்டியலிடு, ஆடு, திரும்பப் பெறு, நிலையை மதிப்பிடு என்று நான்கு செயல்கூறுகளை மட்டும் வைத்துத் தேடலை எழுதிவிட்டால், ஆடுபுலிக்கு எழுதிய அதே தேடலை ஒரு வரிகூட மாற்றாமல் செஸ்ஸுக்குப் பொருத்தலாம். புலி தப்பான பக்கம் பாய்ந்தால் பார்த்தவுடன் தெரிந்துவிடும். செஸ்ஸில் நிரல் செய்வது பிழையா உத்தியா என்று நம்மைப் போன்ற சுமார் ஆட்டக்காரர்களுக்குச் சட்டென்று தெரியாது.

தேடலின் அடிப்படை எளிது. நான் ஒரு நகர்வு ஆடுகிறேன், எதிராளி தனக்குச் சிறந்ததை ஆடுவார், பிறகு நான். கடைசியில் வருகிற நிலையை மதிப்பிட்டு எண்ணை மேலே அனுப்பு. எனக்கு நல்லது அவருக்குக் கெட்டது என்பதால் ஒவ்வொரு படியிலும் குறியை மாற்றினால் போதும், இரண்டு பேருக்கும் ஒரே செயல்கூறு. நெகாமேக்ஸ் என்பது இதுதான், பத்துப் பதினைந்து வரி.

ஆனால் செஸ்ஸில் ஒரு நிலைக்குச் சராசரியாக 35 நகர்வு என்று வைத்தால் நான்கு ஆழத்துக்கு 15 லட்சம் நிலைகள். பைத்தான் திணறும். இங்கேதான் ஆல்ஃபா-பீட்டா, அதாவது பயனில்லாத கிளைகளைத் தேடாமல் விடுகிற முறை. முதல் நகர்வை முழுக்கப் பார்த்துவிட்டீர்கள், எதிராளி என்ன ஆடினாலும் சமநிலைக்குக் குறையாது என்று தெரிந்துவிட்டது. இரண்டாவது நகர்வை எடுக்கிறீர்கள். எதிராளியின் முதல் பதிலிலேயே உங்கள் ராணி போகிறது. அவ்வளவுதான், அதை விட்டுவிடலாம். அவரிடம் இன்னும் 34 பதில்கள் இருக்கின்றன, அவற்றில் இதைவிடக் கொடுமையானது உண்டா என்று தெரிந்து என்ன ஆகப்போகிறது? அந்த நகர்வை நீங்கள் ஆடப்போவதே இல்லை. எப்போதும் நல்ல நகர்வையே முதலில் பார்க்கும்படி அமைந்தால், அந்த 15 லட்சம் 2449 ஆகச் சுருங்கிவிடும். நடைமுறையில் அந்த அளவு வராது, ஆனால் பாதி தூரம் வந்தாலே நிரலின் குணம் மாறிவிடும்.

அதனால் நகர்வுகளை எந்த வரிசையில் பார்க்கிறோம் என்பது முக்கியம். வெட்டும் நகர்வுகள் முதலில்; அவற்றிலும் சிறிய காயால் பெரிய காயை வெட்டுவது முன்னால். ஆழம் 1, பிறகு 2, பிறகு 3 என்று படிப்படியாகத் தேடி, முந்தைய ஆழத்தில் சிறந்ததாக வந்த நகர்வை அடுத்த ஆழத்தில் முதலில் வையுங்கள். திரும்பத் திரும்பத் தேடுவது வீண் என்று தோன்றும். ஒவ்வொரு ஆழமும் முந்தையதைப் போலப் பல மடங்கு செலவு என்பதால், முன்னால் செய்ததெல்லாம் சில்லறைதான்.

ஆல்ஃபா-பீட்டா சரியாக எழுதியிருக்கிறீர்களா என்று பார்க்கக் கறாரான ஒரு சோதனை உண்டு. அதைப் போடுவதற்கு முன்பும் பின்பும் ஒரே ஆழத்தில் நிலையின் மதிப்பெண் மாறவே கூடாது, பார்த்த நிலைகளின் எண்ணிக்கை மட்டும் குறைய வேண்டும். சில நூறு நிலைகளில் ஓட்டிப் பாருங்கள்.

இந்தக் கட்டத்தில் நிரல் ஆடும், ஆனால் விசித்திரமாக ஆடும். காவல் உள்ள சிப்பாயை ராணியால் வெட்டும். காரணம், தேடல் அந்த வெட்டோடு முடிந்துவிடுகிறது, எதிராளி திருப்பி வெட்டுவது கண்ணில் படவில்லை. மீன் ஏலம் பாதியில் இருக்கும்போது காதைப் பொத்திக்கொண்டு, கடைசியாகக் கேட்ட தொகைதான் விலை என்று நம்புவதைப் போன்றது இது. ஆழம் முடிந்த இடத்திலும் வெட்டும் நகர்வுகளை மட்டும் தொடர்ந்து பார்த்து, பலகை அமைதியானபிறகு மதிப்பிட வேண்டும். அப்படித் தொடரும்போது வெட்டியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. "இப்படியே நிற்கிறேன்" என்ற தேர்வையும் கொடுக்க மறக்காதீர்கள். இருபது வரி வேலை. நிரலின் பலத்தை இதைப் போல ஒரேயடியாக உயர்த்துவது வேறெதுவும் இல்லை.

அப்புறம் செக்மேட். மேட்டுக்கு 100000 என்று ஒரே மதிப்பு கொடுத்தால், ஒரு நகர்வில் மேட்டும் மூன்று நகர்வில் மேட்டும் நிரலுக்கு ஒன்றுதான். அடுத்த நகர்வில் முடிக்க வேண்டியதை விட்டு ராணியை வைத்துக்கொண்டு ஊர் சுற்றும். எத்தனையாவது படியில் மேட் வருகிறதோ அதை 100000-இலிருந்து கழித்துவிடுங்கள், அருகில் இருப்பதைத் தேடிப்போகும். நகர்வே இல்லை ஆனால் செக்கும் இல்லை என்றால் பூஜ்யம். ஒரே நிலை திரும்ப வந்தாலும் பூஜ்யம். இதை விட்டால் ஜெயிக்கிற ஆட்டத்தை நிரல் டிரா செய்துகொண்டிருக்கும்.

ஒரே நிலைக்கு வெவ்வேறு வழிகளில் வந்து சேரும்போது முன்பு கண்ட விடையை எடுத்துக்கொள்ள ஒரு அட்டவணை வைக்கலாம். 12 வகைக் காய், 64 கட்டம், காஸ்லிங், என் பாசன்ட், யார் முறை என்று 781 தற்போக்கு (random) எண்களை வைத்து நிலைக்கு ஒரு அடையாள எண் உண்டாக்குவது 1970-இல் ஆல்பர்ட் ஸோப்ரிஸ்ட் சொன்ன முறை. நல்ல முறை, ஆனால் இதில் வரும் பிழைகள் ஒளிந்துகொள்ளும். மற்றதெல்லாம் உறுதியானபிறகு சேருங்கள்.

மதிப்பீட்டைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. செஸ் ஆடுகிறவர்களுக்குக் கை அரிப்பது இங்கேதான். 1950-இல் தகவல் கோட்பாட்டை வகுத்த கிளாட் ஷானன் எழுதிய கட்டுரையிலேயே போதுமானது இருக்கிறது: ராணி 9, யானை 5, பிஷப்புக்கும் குதிரைக்கும் 3, சிப்பாய் 1, இரட்டைச் சிப்பாய், தனிச் சிப்பாய், பின்தங்கிய சிப்பாய்க்கு அரை கழிவு, நகரக்கூடிய ஒவ்வொரு நகர்வுக்கும் 0.1 கூடுதல். நீங்கள் எல்லாவற்றையும் நூறால் பெருக்கி முழு எண்ணாக வைத்து, சிப்பாய்க் கழிவையும் நகர்வுக் கணக்கையும்கூட இப்போதைக்கு விட்டுவிட்டு, ஒவ்வொரு காய்க்கும் எந்தக் கட்டம் நல்லது என்று 64 எண்கள் கொண்ட ஒரு பட்டியல் சேருங்கள். குதிரை நடுவில் இருந்தால் கூடுதல், மூலையில் இருந்தால் குறைவு. தொடக்கத்தில் ராஜா ஓரமாக, முடிவாட்டத்தில் நடுவுக்கு. இது போதும். யூடியூபில் கேட்ட ஒவ்வொரு அறிவுரையையும் நிரலுக்குள் எழுதத் தோன்றும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிலையிலும் நேரத்தைத் தின்னும், தேடலின் ஆழம் குறையும். நம்முடைய செஸ் ஞானத்தைவிட ஒரு ஆழம் கூடுதலாகப் பார்ப்பது எப்போதும் பெரிது. 2020-இல் ஸ்டாக்ஃபிஷ் நரம்பியல் வலையமைப்புக்கு மாறியதைக் கேள்விப்பட்டு அங்கிருந்தே தொடங்க நினைக்காதீர்கள். அதன் கீழேயும் இதே ஆல்ஃபா-பீட்டாதான் ஓடுகிறது.

ஒரு மாற்றம் செய்தால் நிரல் பலமாகிவிட்டதா என்று எப்படித் தெரியும்? நீங்கள் அதனோடு ஆடிப் பார்ப்பது சோதனை ஆகாது. பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் மோதவிட வேண்டும், வெவ்வேறு தொடக்கங்களிலிருந்து, நிறம் மாற்றி மாற்றி. 100 ஆட்டத்தில் 55-45 என்று வந்தால் சந்தோஷப்படாதீர்கள், அது வெறும் அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். 1000 ஆட்டத்தில் 550-450 என்றால் நம்பலாம், அதுவும் ஏறத்தாழ 35 ஈலோ (ஆட்டத்திறனை அளக்கும் மதிப்பெண்) புள்ளிதான். இரவில் ஓடவிட்டுத் தூங்கப் போங்கள். கச்சான் காற்று வீசத் தொடங்கினால் நம் பக்கத்தில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, லேப்டாப் பேட்டரியும் விடிய விடியத் தாங்காது. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் முடிவைக் கோப்பில் எழுதிவிடும்படி வையுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். இரண்டைச் சேர்த்துப் போட்டால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாமல் போகும்.

பையன்களுக்குக் கொடுப்பது பற்றி. பலகை வரைகிற வேலையை நீங்கள் செய்ய வேண்டாம். ரூடால்ஃப் ஹூபரும் ஸ்டெஃபான் மேயர்-காலெனும் 2000-இல் வகுத்த யூசிஐ என்ற பேச்சுமுறை இருக்கிறது. நிலை இது, யோசி, சிறந்த நகர்வு இது என்று சில வரி எழுத்துகளில் பேசுவதுதான் அது. உங்கள் நிரல் அதைப் புரிந்துகொண்டால் அரீனா, கியூட்செஸ் மாதிரி இலவச மென்பொருள்கள் பலகையைக் காட்டிக்கொள்ளும்.

நிரல் சின்னப் பையன்களை நசுக்கினால் இரண்டாம் நாள் ஒருவனும் வரமாட்டான். பலத்தைக் குறைக்க வேண்டுமென்றே ராணியைத் தூக்கிக் கொடுக்க வைக்காதீர்கள், பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். ஆழத்தை ஒன்றோ இரண்டோ ஆக்குங்கள். சிறந்த நகர்வுக்கு அரைச் சிப்பாய் மதிப்புக்குள் வருகிற நகர்வுகளில் ஏதாவது ஒன்றைத் தற்போக்காக எடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு ஆட்டமும் வேறு மாதிரி வரும், மனிதர் ஆடுவது போலவும் இருக்கும்.

செல்போனிலேயே ஆட வேண்டும் என்று கேட்டால் லிசெஸ்ஸில் பாட் கணக்காக (மனிதருக்குப் பதில் நிரல் ஆடுகிற கணக்கு) இணைத்துவிடலாம். லேப்டாப் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், நெட்டும் இருக்க வேண்டும். உங்கள் பழைய கணக்கை இதற்குக் கொடுக்க முடியாது. ஒரு ஆட்டம்கூட ஆடாத புதுக் கணக்கைத்தான் பாட் கணக்காக மாற்ற விடுவார்கள். ஆகவே அதைத் திறந்தவுடன் ஆசைப்பட்டு ஒரு ஆட்டம் போட்டுவிடாதீர்கள், கொட்டகையில் யார் கையிலும் கொடுத்துவிடவும் வேண்டாம்.